ஒரே பெயர் நான்கு முறை: முகவரிப் புத்தக சிங்க் கேள்வி பதில்

அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் அமைத்துக் கொடுப்பது என் வேலை. ஆனால் மின்னஞ்சலைவிட அதோடு ஒட்டிக்கொண்டு வரும் காண்டாக்ட்ஸ் பட்டியல்தான் அதிக நேரத்தைத் தின்கிறது. அதை எல்லாக் கருவிகளிலும் ஒன்றுபோல வைத்திருப்பது, அதாவது சிங்க், பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி: கையில் ஐபோன், ஆபீஸ் கணினியில் அவுட்லுக், வீட்டு லேப்டாப்பில் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருள். மூன்றிலும் ஒரே பட்டியல் வேண்டும். எந்த மென்பொருளை நிறுவுவது?

நிறுவுவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்யுங்கள்: மூலப் பட்டியல் எங்கே இருக்கும்? கூகுளா, ஐகிளவுடா, வேறு சர்வரா? ஒன்றே ஒன்றுதான் மூலம். மற்ற எல்லாம் அதைப் பார்க்கும் ஜன்னல்கள். என்னிடம் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, இரண்டு மூலங்களை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாக்கப் பார்ப்பதால் வந்தவைதான்.

அடுத்தது பொதுமொழி. இந்தக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறைக்கு கார்டுடேவ் என்று பெயர். 2011-ல் ஆர்எஃப்சி 6352 என்ற எண்ணில் வெளியான இணையத் தரநிலை அது. ஐபோனில் இது உள்ளேயே இருக்கிறது. தண்டர்பேர்டில் 2021-ல் வந்த 91-ஆம் பதிப்பு முதல் இருக்கிறது; அதற்கு முன் தனி நீட்சி (ஆட்-ஆன்) போட வேண்டியிருந்தது. கூகுள் 2012-ல் இந்த வசதியைத் திறந்துவிட்டது. நீங்கள் சொன்னவற்றில் இந்த வசதி இல்லாதது அவுட்லுக் மட்டும்தான். பழைய பாணி அவுட்லுக் என்றால் ‘கால்டேவ் சிங்க்ரொனைசர்’ என்ற இலவச நீட்சி நன்றாக வேலை செய்கிறது. பெயரில் காலண்டருக்கான கால்டேவ் என்று இருந்தாலும் காண்டாக்ட்ஸையும் அது பார்த்துக்கொள்ளும். விண்டோஸின் புதிய அவுட்லுக் அந்த வகை நீட்சிகளை ஏற்காது என்பதால், ஆபீஸில் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கூகுளை மூலமாக வைத்தால், ஐபோனில் கூகுள் கணக்கைச் சேர்த்து அதில் காண்டாக்ட்ஸ் பொத்தானை மட்டும் இயக்கினால் போதும். அப்புறம் பலரும் தவறவிடும் ஒரு படி: காண்டாக்ட்ஸ் அமைப்பில் ‘டீஃபால்ட் அக்கவுண்ட்’ என்பதை கூகுளுக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் இனி சேர்க்கும் எண்கள் ஐகிளவுடில் போய் உட்காரக்கூடும். ‘நேற்று சேமித்த எண் லேப்டாப்பில் வரவே இல்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கேள்வி: சார், என் பட்டியலில் ஒவ்வொருவரும் நான்கு முறை இருக்கிறார்கள். அழித்தால் மறுநாள் திரும்ப வந்துவிடுகிறார்கள். பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

பேய் இல்லை, சுழல். ஒவ்வொரு பதிவுக்கும் உள்ளே ஓர் அடையாள எண் உண்டு. சிங்க் அந்த எண்ணைத்தான் பார்க்கும், பெயரைப் பார்க்காது. ஒரு கருவி கூகுளிலிருந்து ஐகிளவுடுக்கு நகலெடுக்கும்போது புது எண் கொடுக்கிறது. இன்னொரு கருவி அதை ‘புது ஆள்’ என்று நினைத்து கூகுளுக்கே திருப்பி அனுப்புகிறது. சுற்றுக்குச் சுற்று ஆள் பெருகும்.

எனக்கும் நடந்தது. ஒரு நிறுவனத்தில் போனோடு வந்த சிங்க் செயலி ஒன்றையும் கணினியில் இன்னொன்றையும் ஒரே நாளில் இயக்கிவிட்டேன். சுமார் 900 பெயர்கள் இருந்த பட்டியல் மாலைக்குள் 7,000-ஐத் தாண்டியது. அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை.

சரி, மருந்து. எல்லாக் கருவிகளிலும் சிங்க்கை நிறுத்துங்கள், எல்லாவற்றிலும். மூலப் பட்டியலை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து தனியாக வையுங்கள். மூலத்தில் மட்டும் சுத்தம் செய்யுங்கள். கூகுளில் இரட்டைப் பதிவுகளை இணைக்கும் வசதி இருக்கிறது. பிறகு மற்ற கருவிகளில் இருந்து கணக்கையே நீக்கிவிட்டு, ஒன்றை மட்டும் சேர்த்து, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். எண்ணிக்கை மாறாமல் இருந்தால் அடுத்தது. ஒரு கணக்குக்கு ஒரு பாதைதான் இருக்க வேண்டும்.

ஐபோனில் இன்னொரு குழப்பமும் உண்டு. இரண்டு கணக்கில் இருக்கும் ஒரே நபரை அது இணைத்து ஓர் அட்டையாகக் காட்டும். அது பார்வைக்கு மட்டும்; அடியில் இரண்டு பதிவுகளும் அப்படியே இருக்கும்.

கேள்வி: போனில் இடம் இல்லை என்று காண்டாக்ட்ஸை அழித்தேன். லேப்டாப்பிலும் போய்விட்டது. மீட்க முடியுமா?

கூகுள் என்றால் அழித்தவை 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். கணினி உலாவியில் காண்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறந்தால், மொத்தப் பட்டியலையுமே கடந்த 30 நாட்களில் ஒரு நிலைக்குத் திருப்பும் வசதியும் உண்டு. ஐகிளவுட் என்றால் அதன் இணையதளத்தில் ‘டேட்டா ரெக்கவரி’ பகுதிக்குப் போங்கள். பழைய பிரதிகள் தேதியோடு இருக்கும்.

காண்டாக்ட்ஸ் எழுத்துதானே, அழித்து மிச்சப்படும் இடம் ஒரு புகைப்படத்துக்குக்கூடத் தேறாது! சிங்க்கை பேக்கப் என்று நினைக்காதீர்கள். நீங்கள் செய்த தவறையும் அது விசுவாசமாக எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும். மாதம் ஒருமுறை விசிஎஃப் (முகவரிப் பதிவுகளுக்கான பொதுவான கோப்பு வகை) கோப்பாக ஏற்றுமதி செய்து வைப்பதுதான் பேக்கப்.

கேள்வி: தமிழில் சேமித்த பெயர்கள் பழைய போனிலிருந்து மாற்றும்போது சமன்குறியும் எண்ணுமாக வருகின்றன. எக்ஸெல் வழியாக மாற்றினால் வெறும் கேள்விக்குறிகள். ஏன்?

இரண்டும் வேறு வேறு நோய்.

முதலாவது, விசிஎஃப் கோப்பை எழுதும் விகார்டு என்ற முறையின் பதிப்பு எவ்வளவு பழையது என்பது. 1996-ல் வந்த 2.1 பதிப்பில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைப் பெரும்பாலும் சுற்றிவளைத்துத்தான் எழுதுவார்கள். எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு சமன்குறி, இரண்டு எழுத்து. ‘அம்மா’ என்பதற்குப் புள்ளி, கால் எல்லாம் சேர்த்து ஐந்து குறிகள். கோப்பில் அது 45 எழுத்தாக விரியும். பெயர் கொஞ்சம் நீளமானால் வரி உடையும். அந்த உடைப்பை ஒட்டத் தெரியாத மென்பொருள் பாதிப் பெயரோடு நிறுத்திவிடும். ஏற்றுமதியில் பதிப்பைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தால் 3.0 அல்லது 4.0 எடுங்கள். 4.0-வில் யூடிஎஃப்-8 கட்டாயம். வழி இல்லையென்றால் அந்தப் போனிலேயே கூகுள் கணக்கைப் போட்டு நேரடியாக சிங்க் செய்வது சுலபம்.

இரண்டாவது எக்ஸெலின் வேலை. சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்து சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால், தமிழ் எழுத்துக்கு இடமில்லாத குறியாக்கத்தில் எழுதிவிடும். ஒருமுறை கேள்விக்குறியாகிவிட்டால் அவ்வளவுதான், உள்ளே எதுவும் மிச்சமிருக்காது. சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். கூடவே எண்களையும் பாருங்கள்: முன்னாலுள்ள கூட்டல் குறியும் சுழியமும் காணாமல் போகும், நீளமான எண் அறிவியல் குறியீடாகச் சுருங்கும். ‘டேட்டா’ பட்டி வழியாக இறக்குமதி செய்து, அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று குறித்தால் இது வராது. என்னைக் கேட்டால் எக்ஸெலில் திறக்காமலே இருப்பது நல்லது.

கேள்வி: தோழியின் பிறந்த ஆண்டு 1604 என்று காட்டுகிறது. இது என்ன?

அவருக்கு 400 வயதைத் தாண்டியிருக்காது என்று நம்புகிறேன்! ஆண்டு போடாமல் நாளும் மாதமும் மட்டும் சேமித்தால் ஆப்பிள் உள்ளே 1604 என்று எழுதிவைத்து, ‘ஆண்டைக் காட்டாதே’ என்று தன் சொந்தக் குறிப்பு ஒன்றையும் சேர்க்கும். மற்ற மென்பொருளுக்கு அந்தக் குறிப்பு புரியாது. 1604 லீப் ஆண்டு என்பதால் பிப்ரவரி 29-ல் பிறந்தவருக்கும் இடமுண்டு. உண்மையான ஆண்டைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

கேள்வி: சொந்தமாக நெக்ஸ்ட்கிளவுட் சர்வர் வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டில் கார்டுடேவ் கணக்கு சேர்க்கும் இடமே காணோம்.

ஆண்ட்ராய்டில் அது உள்ளமைந்து வருவதில்லை. டேவ்எக்ஸ்5 செயலியை நிறுவுங்கள். காண்டாக்ட்ஸ் செயலியில் புதியவர்களைச் சேமிக்கும் கணக்காக அதைத் தேர்ந்தெடுங்கள். ‘டிவைஸ்’ என்று இருந்தால் அந்த எண் போனைவிட்டு வெளியே போகாது.

கேள்வி: ஐகிளவுட் கடவுச்சொல் சரியாகத்தான் போடுகிறேன். தண்டர்பேர்ட் ஏற்கவே மாட்டேன் என்கிறது.

இரட்டைச் சரிபார்ப்பு உள்ள ஆப்பிள் கணக்கின் வழக்கமான கடவுச்சொல்லை வெளி மென்பொருளில் போட முடியாது. ஆப்பிள் கணக்குப் பக்கத்தில் ‘செயலிக்கான தனிக் கடவுச்சொல்’ ஒன்றை உருவாக்கி அதைப் போடுங்கள்.

கேள்வி: குழுக்கள் மட்டும் ஏன் வந்து சேருவதில்லை? ஆட்கள் எல்லாம் வந்துவிட்டார்கள்.

ஏனென்றால் குழு என்றால் என்ன என்பதில் யாருக்கும் ஒத்த கருத்து இல்லை. சிலர் ஒவ்வொருவரின் பதிவிலும் வகைப்பெயராக எழுதுகிறார்கள். ஆப்பிள் குழுவையே தனி அட்டையாக வைக்கிறது. கூகுள் லேபிள் என்கிறது. முக்கியமான குழுக்களை மூலத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, மொத்த மின்னஞ்சலை அங்கிருந்தே அனுப்புங்கள். இதற்கு இதைவிட நல்ல தீர்வு என்னிடம் இல்லை.

கேள்வி: ஜிமெயிலில் பெயர் அடித்தால் முகவரி வருகிறது. போனில் அந்த ஆளே இல்லையே?

நீங்கள் பதில் எழுதியவர்களை ஜிமெயில் தானாக ‘அதர் காண்டாக்ட்ஸ்’ பகுதியில் போட்டுவைக்கிறது. அது போனுக்கு சிங்க் ஆகாது. தேவையானவரைத் திறந்து காண்டாக்ட்ஸில் சேர்த்தால் வந்துவிடும். மொத்தமாக எல்லோரையும் சேர்க்காதீர்கள். என்றோ ஒருநாள் எழுதிய வாடிக்கையாளர் சேவை முகவரிகள் எல்லாம் போனில் வந்து நிற்கும்.

கேள்வி: என் நோயாளிகளின் எண்களும் இதில் இருக்கின்றன. மேகத்தில் வைத்தால் நிறுவனத்தால் படிக்க முடியுமா?

தொழில்நுட்பரீதியாகச் சொன்னால், முடியும். ஐகிளவுடில் ‘அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்ஷன்’ என்ற கூடுதல் பூட்டை இயக்கினாலும் மின்னஞ்சல், காலண்டர், காண்டாக்ட்ஸ் மூன்றும் அதற்குள் வராது. பிற நிறுவன மென்பொருள்களோடு பேச வேண்டியிருப்பதே காரணம். நோயாளிகளைத் தனிப் பட்டியலாகப் பிரித்து, சிகிச்சையகத்தின் சொந்த சர்வரில் வையுங்கள். ‘ரேடிகேல்’ மாதிரி சிறிய கார்டுடேவ் சர்வரே போதும். போனில் அதை இரண்டாவது கணக்காகச் சேர்க்கலாம். பெயருக்கு எதிரே நோயின் பெயரை எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றே அழித்துவிடுங்கள், டாக்டர்.