மகளின் பி.எஸ்சி. சீட்டுக்காக மறுபடியும் நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: பெரம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்க்கிறார், நான் வீட்டிலேயே தையல். இரண்டு பேர் வருமானமும் சேர்த்து மாதம் 43,000. மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்து, இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பயோ மேத்ஸ் குரூப். வேதியியல் 91, உயிரியல் 86, இயற்பியல் 84, கணக்கு 79. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிதான் படிப்பேன் என்கிறாள். என் மச்சாண்டார், அதற்கெல்லாம் இப்போது மதிப்பில்லை, தெரிந்தவர் மூலமாக ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. டேட்டா சயின்ஸ் சீட் வாங்கித் தருகிறேன் என்கிறார். கட்டணம் வருஷத்துக்கு 1,75,000, சேரும்போது தனியாக 40,000, பஸ்ஸுக்கு வருஷம் 35,000. வெள்ளிக்கிழமைக்குள் 25,000 முன்பணம் கட்டச் சொல்கிறார். எங்கள் நகை ஏற்கெனவே 2,40,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது. நாத்தனார் வீட்டு கிரகப்பிரவேசச் சீருக்கு 1,50,000, மச்சாண்டாருக்குக் கைமாத்தாக 90,000 என்று எடுத்தது. நாலு வருஷமாக வட்டி கட்டித் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறோம். மீதி நகையை வைத்தால் 2 லட்சம் கிடைக்கும். நகைக்கடன் வட்டியையும் சேர்த்து மாதம் 8,000-க்கு மேல் எங்களால் ஒதுக்க முடியாது. என்ன செய்வது? அவள் தம்பிக்காகவும் ஒரு கல்விப் பாலிசி போடச் சொல்கிறார்கள், போடலாமா?

பதில்: வெள்ளிக்கிழமை எதுவும் கட்டாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படியுங்கள்.

கடிதத்தில் நீங்கள் பயப்படுவது கல்லூரிக் கட்டணத்தைப் பார்த்து. எனக்குப் பயமாக இருப்பது ‘நாலு வருஷமாக வட்டி கட்டித் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறோம்’ என்று போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரி. வட்டி 12 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம் (ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியார் நிதி நிறுவனமாக இருந்தால் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்). 2,40,000-க்கு வருஷம் 28,800. நாலு வருஷத்தில் 1,15,000 ரூபாய் போயிருக்கிறது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. சீர் செய்த வீட்டில் எல்லாரும் குடியேறி நாலு வருஷம் ஆகிவிட்டது, அந்தச் சீருக்கு நீங்கள் இன்னும் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உறவுக்காரர் யாராவது ஒரு அவசரம் என்றதும் நகை அடகுக்குப் போகிறது, அப்புறம் திரும்பி வருவதே இல்லை. இந்தப் பழக்கத்தைத்தான் இப்போது மகளின் படிப்பு வரைக்கும் நீட்டப் பார்க்கிறீர்கள்.

அந்த சீட்டுக்கான கணக்கைப் போடுவோம். முதல் வருஷம் கட்டணம், சேர்க்கைப் பணம், பஸ் எல்லாம் சேர்த்து 2,50,000. நகை வைத்தால் வருவது 2,00,000. ஆரம்பத்திலேயே 50,000 துண்டு விழுகிறது. மொத்தக் கடன் 4,40,000 ஆகிவிடும், வட்டி மட்டும் மாதம் 4,400. நீங்கள் ஒதுக்கும் 8,000-ல் வட்டி போக மிஞ்சுவது 3,600, பன்னிரண்டு மாதத்துக்கு 43,000. அந்த 50,000 துண்டையே இதை வைத்து அடைக்க முடியாது. இரண்டாம் வருஷம் 2,10,000 கேட்பார்கள், அப்போது அடகு வைக்க வீட்டில் என்ன இருக்கும்? மூன்று வருஷத்துக்கும் சேர்த்து 6,70,000, உங்கள் குடும்பத்தின் ஒரு வருஷ வருமானம் 5,16,000. சேர்த்து விடுகிறவர்கள் எப்போதும் முதல் தவணையைப் பற்றித்தான் பேசுவார்கள். பி.எஸ்சி. என்பது ஆறு செமஸ்டர், கட்டணச் சீட்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். மூன்றாவது செமஸ்டரில் பணம் கட்ட முடியாமல் நின்று போகிற பிள்ளைகள் உண்டு. கடன் அப்படியே இருக்கும், பட்டம் இருக்காது. அந்த நிலைமை உங்கள் மகளுக்கு வரக்கூடாது.

சரி, அவள் கேட்கிற கெமிஸ்ட்ரிக்கு என்ன வேண்டும்? பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும், கூடவே கணக்கோ உயிரியலோ இருந்தால் போதும். அவளிடம் நாலுமே இருக்கிறது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் அறிவியல் படிப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம் நீங்கலாக நாலு பாட மதிப்பெண்ணைக் கூட்டி, 400-க்குத் தரவரிசைப் பட்டியல் போடுகிறார்கள். அவளுக்கு 340. நுழைவுத் தேர்வு கிடையாது, நன்கொடை கிடையாது, 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி கலந்தாய்வு நடக்கும். ஆன்லைனில் ஒரே விண்ணப்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளைக் கேட்கலாம், கட்டணம் சுமார் 50 ரூபாய். உங்களுக்குப் பக்கத்தில் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது, கடற்கரைச் சாலையில் ராணி மேரி இருக்கிறது, மாநிலக் கல்லூரி இருக்கிறது. மூன்றையும் போடுங்கள். அரசுக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது, மற்ற கட்டணங்கள் எல்லாம் சேர்ந்தாலும் வருஷத்துக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். சாதிச் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் இப்போதே தயாராக வையுங்கள், கலந்தாய்வு அன்று காலையில் இ-சேவை மையத்துக்கு ஓடக்கூடாது.

340 வைத்துக்கொண்டு முதல் சுற்றிலேயே கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், கெமிஸ்ட்ரிக்குப் போட்டி உண்டு. அதனால் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இங்கே கவனமாக இருங்கள். ஒரே கல்லூரி, ஒரே வளாகம், ஒரே சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம், ஆனால் எய்டெட் (அரசு உதவி பெறும்) பிரிவு என்றும் செல்ஃப் பைனான்ஸ் (சுயநிதி) பிரிவு என்றும் இரண்டு இருக்கும், பெரும்பாலும் எய்டெட் காலையிலும் மற்றது மதியத்துக்கு மேலும் நடக்கும். கட்டணம் இரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று பார்க்காமல் டிக் அடித்துவிட்டு அப்புறம் அலைகிற பெற்றோர் ஏராளம். எய்டெட்டை முதலில் கேளுங்கள்.

மூன்று வருஷம் உள்ளே என்ன நடக்கும் என்பதும் உங்கள் பணக் கணக்குக்குத் தேவை. முதல் இரண்டு வருஷம் தமிழ், ஆங்கிலம், வேதியியல், துணைப் பாடமாக இயற்பியலோ கணக்கோ விலங்கியலோ, அப்புறம் சுற்றுச்சூழல் கல்வி போன்ற சின்னத் தாள்கள். மூன்றாம் வருஷம் கிட்டத்தட்ட முழுக்க வேதியியல்தான். ஒவ்வொரு தாளுக்கும் இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75, தேர்ச்சிக்கு 40. ஒரு தாள் போனால் வருஷம் போகாது, அரியராக எழுதிக்கொள்ளலாம். செய்முறை வகுப்புக்கு வெள்ளைக் கோட்டு, அப்சர்வேஷன் நோட்டு, ரெக்கார்டு நோட்டு, இவற்றோடு செலவு முடிந்தது. முதல் வருஷம் பியூரெட்டைப் பிடித்து டைட்ரேஷன் செய்வதில் தொடங்கி, உப்பு ஆய்வு, கரிமச் சேர்மங்களைக் கண்டுபிடிப்பது என்று போகும். இதெல்லாம் அவளுக்குப் பிடித்த வேலையாகத்தான் இருக்கும், வேதியியலில் 91 சும்மா வரவில்லை.

இரண்டு பேரும் இதை நன்றாக மனதில் வையுங்கள்: பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியோடு நின்றால் மணலி பக்கத்துத் தொழிற்சாலையிலோ ஒரு மருந்துக் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்திலோ வேலை கிடைக்கலாம், சம்பளம் சுமாராகத்தான் இருக்கும். உண்மையான பலன் எம்.எஸ்சி.க்கு அப்புறம்தான், அல்லது ஆசிரியர் ஆவதென்றால் பி.எட். முடித்த பிறகு. எது எடுத்தாலும் இன்னும் இரண்டு வருஷம். மூன்றாம் வருஷத்தில் ஜாம் தேர்வு எழுதினால் ஐஐடியில் எம்.எஸ்சி. படிக்க வழி இருக்கிறது, கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத் துறைகளே இருக்கின்றன. பணம் தேவைப்படப் போவது அந்த இடத்தில். விடுதி, தேர்வுக் கட்டணம், வெளியூர்ப் பயணம் எல்லாம் அப்போதுதான் வரும். கையில் இருக்கிற நகையை முதல் செமஸ்டரிலேயே கரைத்துவிட்டால் அந்த நேரம் கையை விரிக்க வேண்டியிருக்கும். தேவைப்பட்டால் எம்.எஸ்சி.க்குக் கல்விக் கடன் வாங்கலாம், 4 லட்சம் வரை வங்கிகள் சொத்துப் பிணை கேட்பதில்லை, படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. மேனேஜ்மென்ட் கோட்டா சீட் (கல்லூரி நிர்வாகமே நேரடியாகக் கொடுப்பது) என்றால் அதே வங்கி தயங்கும்.

டேட்டா சயின்ஸ் மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெயருக்காக 6,70,000 கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். புதுப் பெயர்களில் வரும் பட்டங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: பிற்காலத்தில் அரசு ஆசிரியர், விரிவுரையாளர் வேலைக்குப் போனால், இது இன்ன பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள், இல்லையென்றால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். அவளுக்கே கணினிப் பக்கம் ஆசை வந்தால், சென்னை ஐஐடி ஆன்லைனில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பட்டப் படிப்பில் தகுதிச் சுற்றை எழுதிச் சேரலாம், குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்பை 2022-லிருந்து யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதிக்கிறது. முதல் வருஷம் கெமிஸ்ட்ரியில் கால் ஊன்றட்டும், அப்புறம் பார்க்கலாம்.

‘வட்டியில்லாத் தவணை’ என்று அந்தப் பல்கலைக்கழகத்திலேயே யாராவது ஒரு படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். அது உங்கள் கணவர் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுக்கும் கடன், மகள் இரண்டாம் மாதமே படிப்பை விட்டாலும் தவணை நிற்காது. ஏதாவது முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், அது கல்லூரி ரசீதா தரகர் கையில் கொடுத்த ரொக்கமா என்று பாருங்கள். கல்லூரிக் கட்டணமாக இருந்தால் யுஜிசி 2018-ல் அறிவித்த விதி இருக்கிறது: சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் சிறு பிடித்தம் போக முழுத் தொகை, அதற்குள் என்றால் 90 சதவீதம், கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50, அதற்குப் பிறகு ஒன்றும் வராது. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. தரகரிடம் கொடுத்த பணத்துக்கு இந்த விதி எதுவும் உதவாது.

இப்போது நகைக்கு வருவோம். மாதம் 8,000-ல் 1,500-ஐக் கல்லூரிக்கு வையுங்கள், வருஷத்துக்கு 18,000. அவள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்திருப்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 அவள் வங்கிக் கணக்குக்கே வரும், கல்லூரியில் சேர்ந்ததும் பதிவு செய்யச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து வருஷம் 30,000. பஸ் செலவும் இல்லை, சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. மீதி 6,500-ஐ ஒவ்வொரு மாதமும் நகைக் கடனில் கட்டுங்கள், வட்டி போக மிச்சம் அசலில் கழியட்டும். இப்படிப் போனால் நகை மீள 47 மாதம் ஆகும். மச்சாண்டார் அந்த 90,000-ஐத் திருப்பித் தந்தால் அசல் 1,50,000-க்கு இறங்கி, 27 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். அதாவது அவள் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருக்கும்போதே.

கேட்பது சங்கடமாகத்தான் இருக்கும். அவர் உங்கள் மகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் பேசுகிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதையே வைத்துக் கேளுங்கள். உங்கள் கணவர் நேரில் போய், ‘அண்ணா, பொண்ணு படிப்புக்காக நகையை மீட்கணும், மொத்தமா வேண்டாம், மாசம் 5,000 கொடுங்க’ என்று சொல்லட்டும். சீட் வாங்கித் தருவதைவிட அந்த 5,000 பெரிய உதவி. அவர் தருகிற பணம் வீட்டுச் செலவில் கலக்காமல் அன்றைக்கே கடன் கணக்குக்குப் போக வேண்டும்.

அடுத்த தடவை கடனைப் புதுப்பிக்கும்போது ஒரே ரசீதாக வைக்காமல் இரண்டு மூன்று சிறிய கடனாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். சங்கிலி ஒன்று, வளையல் ஒன்று என்று தனித்தனியாக இருந்தால், பணம் சேரச் சேர ஒவ்வொன்றாக மீட்கலாம். ஒன்று கைக்கு வந்துவிட்டால் அடுத்ததை மீட்கத் தானாகவே வேகம் வரும். மீட்ட நகையை அடுத்த சீருக்கு வைக்க மாட்டோம் என்று நீங்கள் இரண்டு பேரும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். சீர் எவ்வளவு என்பதைக் கையில் இருக்கிற பணம் தீர்மானிக்கட்டும், நாத்தனார் வீட்டில் இரண்டு நாள் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான்.

தம்பியின் கல்விப் பாலிசி இப்போது வேண்டாம். அப்படிப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் 5, 6 சதவீதத்துக்கு மேல் தருவதில்லை, நீங்கள் 12 சதவீத வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பிரீமியத்துக்கு எடுத்து வைக்க நினைத்த பணத்தையும் நகைக் கடனிலேயே போடுங்கள். அதற்குப் பதில் கணவர் பெயரில் ஒரு டேர்ம் இன்சூரன்ஸ் எடுங்கள், முதிர்வுத் தொகை எதுவும் கிடைக்காத வெறும் ஆயுள் காப்பீடு, பிரீமியம் குறைவு. நகை முழுவதும் மீண்ட மாதத்திலிருந்து அதே 6,500-ஐ அஞ்சலகத்தில் ஆர்.டி.யாக (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட ஆரம்பித்தால் மகளின் எம்.எஸ்சி.க்கும் தம்பியின் கல்லூரிக்கும் அது ஆகும்.