பெரிய கிளப்புகள் இருக்கும்போது மூன்றாம் டிவிஷன் ஆட்டத்தைப் போய்ப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

கேள்வியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் சாம்பியன்ஸ் லீக்கை டிவியில் பார்த்துப் பழகியவர் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன், வேலைக்காக வியன்னா போய், அங்கே வீனர் ஷ்போர்ட்-கிளப் ஆடுவதைப் பார்க்கும்வரை.

1883-ல் சைக்கிள்காரர்கள் தொடங்கிய கிளப் அது. கால்பந்து பிறகுதான் வந்தது. மூன்று முறை ஆஸ்திரிய சாம்பியன். 1958-ல் ஐரோப்பியக் கோப்பையில், அதாவது இன்றைய சாம்பியன்ஸ் லீக்கில், இத்தாலியின் யுவென்டஸ் கிளப்பிடம் முதல் ஆட்டத்தில் 3-1 என்று தோற்றவர்கள், அடுத்த ஆட்டத்தில் அதே யுவென்டஸை 7-0 என்று அடித்தார்கள். அப்புறம் பணமுடை, திவால், கீழ் டிவிஷன். 'பழம்பெருமை பேசுகிறான்' என்று யாராவது சொல்லலாம். பேசுகிறேன்தான். அந்த ஏழு கோலை இன்னும் மனப்பாடமாகச் சொல்லும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள்.

மைதானம் வியன்னாவின் டோர்ன்பாக் பகுதியில், 1904-லிருந்து அதே இடத்தில். கோல்போஸ்டுக்குப் பின்னால் இருந்த ஸ்டாண்டுக்குப் பெயரே கல்லறை ஸ்டாண்டு. அதை ஒட்டி நிஜமாகவே டோர்ன்பாக் கல்லறைத் தோட்டம். கார்னர் கிடைத்தால் எல்லாரும் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்குவார்கள்.

நான் முதலில் போனது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அன்று காலையில்தான் வாடகை வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்திருந்தேன்.      

முதல் கார்னர். சுற்றிலும் ஒரே கலகலப்பு, என் கை மட்டும் சும்மா. பக்கத்தில் நின்ற பெரியவர் அதைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. தன் கொத்திலிருந்து ஒரு சின்ன வளையத்தைக் கழற்றி என் கையில் வைத்தார். நிலவறைச் சாவி, தபால்பெட்டிச் சாவி, இன்னொன்று. ஆட்டம் முடியும்வரை அது என்னிடம்தான் இருந்தது.

ரியல் மாட்ரிட் ஆட்டத்தோடு இதை ஒப்பிடவில்லை. பாஸ்கள் தப்பும், முதல் டச் கனமாக இருக்கும், எனக்கும் கண் இருக்கிறது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை நான் என் புது வீட்டுச் சாவியோடு போய் அதே இடத்தில் நின்றேன். பெரியவர் முதலில் என் கையைத்தான் பார்த்தார்.