கன அடிக்கு இழைப்புக் கூலி வாங்கினால் கையில் காசு நிற்காது

கேள்வி: திருமங்கலம் பக்கத்தில் சின்னதாக இழைப்பு மெஷின் போட்டிருக்கிறேன். ஆசாரிகளும் வீடு கட்டுகிறவர்களும் மரம் கொண்டுவந்து இழைத்துப் போகிறார்கள். பக்கத்து அறுவை மில்லைப் பார்த்து நானும் கன அடிக்கு இவ்வளவு என்று வாங்குகிறேன். நாள் முழுக்க வேலை இருந்தும் மாதக் கடைசியில் மிச்சமில்லை. ரேட்டை எவ்வளவு ஏற்றலாம்?

பதில்: ரேட்டை ஏற்றுவது அப்புறம். முதலில் கன அடியை விடுங்கள். அது மரம் விற்கிறவருக்கான அளவு. நீங்கள் மரம் விற்கவில்லை, மரத்தின் பக்கங்களை இழைத்துக் கொடுக்கிறீர்கள்.

5க்கு 3 அங்குல நிலைச் சட்டத்தில் ஒரு கன அடி என்பது 9.6 அடி நீளம். நாலு பக்கமும் இழைத்தால் மெஷினில் 38 அடி சொச்சம் ஓடும். அதே ஒரு கன அடியை ஒருவர் ஒன்றரைக்கு அரை அங்குல பீடிங்காக, அதாவது ஓரங்களில் அடிக்கிற மெல்லிய பட்டையாகக் கொண்டுவந்தால் நீளம் 192 அடி. நாலு பக்கத்துக்கு 768 அடி. இருபது மடங்கு ஓட்டம், கூலி ஒன்றுதான்! மெல்லிசுக் கட்டையை நாலைந்தாகச் சேர்த்துத் தள்ளலாமே என்பீர்கள். தள்ளுங்கள், அப்போதும் நாலைந்து மடங்கு வேலை. உங்கள் மிச்சம் போகிற இடம் இதுதான்.

அதனால் நீளத்தை இழைக்கிற பக்கங்களால் பெருக்கி, பக்க அடிக்கு இவ்வளவு என்று வையுங்கள். ஆறு அங்குல அகலம் வரை ஒரு ரேட், அதற்கு மேல் வேறு ரேட். இவ்வளவு போதும்.

அந்த ரேட்டை எப்படிப் பிடிப்பது? பக்கத்துக் கடையைக் கேட்டு அல்ல. உதாரணத்துக்கு ஒரு நாள் கணக்கு: இரண்டு ஆள் கூலி 1,600 (நீங்களே மெஷினில் நின்றால் உங்கள் கூலியும் இதில்தான்), வாடகை 320, கரண்ட் 300, கத்தி சாணை, பெல்ட், கிரீஸ் 180, மெஷின் தவணையும் தேய்மானமும் 400. மொத்தம் 2,800. இதை எட்டு மணி நேரத்தால் வகுத்து மணிக்கு 350 என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். மரம் இறக்கி, ஆணி பார்த்து, கத்தி மாட்டி, ஆசாரியோடு பேசி, கரண்ட் போய் வந்து, கத்தி மரத்தில் படுகிற நேரம் நாலு மணி இருந்தால் பெரிது. நாலால் வகுத்தால் மணிக்கு 700. கால் பங்கு லாபம் சேர்த்தால் 875. ஒரு மணி நேரத்தில் ஏழடி நிலைச் சட்டம் ஐந்து முடிகிறதென்றால் அது 140 பக்க அடி. ஆக, பக்க அடிக்கு 6 ரூபாய் 25 காசு. என் எண்களை அப்படியே எடுக்காதீர்கள், உங்கள் செலவைப் போட்டுப் பாருங்கள்.

இதில் கரண்ட் என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். தொழில் இணைப்பில் மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம் உண்டு. 2022 செப்டம்பரில் அதையும் சேர்த்துத்தான் ஏற்றினார்கள். வேலையில்லாத மாதத்துக்கும் பில் வரும், மனு கொடுத்தால் அடுத்த மேஜையைக் காட்டுவார்கள். ஆகவே வருஷ பில்லைக் கூட்டி, வேலை நடந்த நாட்களால் வகுத்து எழுதுங்கள்.

மரத்துக்கு மரம் ரேட் மாறவேண்டும். தேக்கு இழைக்க மிருதுதான், ஆனால் அதிலுள்ள சிலிக்கா, அதாவது மணல் போன்ற தாது, கத்தியின் முனையைச் சீக்கிரம் தின்னும். வேங்கையும் வேம்பும் ரேகை பின்னிக் கிடப்பதால் பிய்யும், மெதுவாகத்தான் தள்ளமுடியும். இவற்றுக்குக் கால் பங்கு கூடக் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பழைய மரம். காரைக்குடிப் பக்கம் பிரித்த வீட்டு உத்தரம், கதவு என்று வேனில் வந்து இறங்கும். நல்ல பர்மா தேக்கு, பார்த்தாலே ஆசை வரும். அதற்குள் தலை முறிந்த ஆணி இருக்கும். மேலே துளைகூடத் தெரியாது, வண்ணமும் சுண்ணாம்பும் மூடியிருக்கும். ஒரே ஒரு ஆணி பட்டால் கத்தியில் பல் விழும். அப்புறம் நீங்கள் இழைக்கிற ஒவ்வொரு பலகையிலும், அடுத்த வாடிக்கையாளர் பலகையிலும்கூட, அந்த இடத்தில் நூல் மாதிரி ஒரு மேடு ஓடும். அவசரத்துக்கு, மெஷின் உருளையில் மாட்டியிருக்கிற கத்திகளில் ஒன்றை மட்டும் நூலளவு பக்கவாட்டில் தள்ளி மாட்டினால் மேடு மறையும். ஆனால் சாணைக்குப் போகும்போது பல் விழுந்த கத்தியை மட்டும் தேய்த்தால் எடை மாறி உருளை அதிரும். செட் முழுவதையும் ஒரே அளவு தேய்க்கவேண்டும், செட்டின் ஆயுளே குறையும். கையில் பிடிக்கிற மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். காந்தம் பித்தளையைக் காட்டாது. கம்பி பிரஷ்ஷால் மண்ணும் சுண்ணாம்பும் போகத் தேய்த்தபிறகுதான் மெஷின் பக்கம் கொண்டுபோகவேண்டும். ஆணி பார்க்கிற நேரத்துக்குத் தனிக் கூலி. மீறி ஆணி பட்டால் சாணைச் செலவு மரக்காரருடையது என்று முன்னாலேயே சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுக்கிறவர் மரத்தை இறக்கவிடாதீர்கள்.

இழைப்பதற்கு முன், மரக்காரர் கண்முன்னாலேயே அளவை எடுத்து மரத்தில் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். இரண்டு அங்குலப் பலகை இழைத்தபின் ஒன்றேமுக்கால்தான் நிற்கும். "கால் அங்குலம் எங்கே போச்சு?" என்று சாயங்காலம் சண்டைக்கு வருவார்கள்.

இனி கமிஷன் மேஸ்திரிகள். முதல் முறை நிலைச் சட்டம் கொண்டுவந்து உங்கள் கன அடி ரேட்டுக்குத் தலையாட்டுவார்கள். அடுத்த வாரம் அதே ரேட்டுக்கு ஜன்னல் பீடிங் ஒரு கட்டு இறங்கும். வீட்டுக்காரரிடம் ஒரு தொகை, உங்களிடம் ஒரு தொகை, நடுவில் சதவீதம். போகிறபோக்கில் இழைப்புச் சுருளையும் கேட்பார்கள். கோழிப்பண்ணைக்காரர்கள் அதைத் தரையில் பரப்பக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், இலவசமாக விடாதீர்கள். பில் எப்போதும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கட்டும். பணம் வராமல் மரம் வெளியே போகக்கூடாது. இது அடாவடி இல்லை: 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, பொருளில் உழைப்போ திறமையோ செலுத்தியவர் கூலி வரும்வரை அதை வைத்துக்கொள்ள உரிமை தருகிறது. ஆனால் "மெதுவாகக் கொடுங்கள்" என்று நீங்களே தவணைக்குச் சம்மதித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். மேஸ்திரிகள் அந்தச் சம்மதத்தைத்தான் டீ வாங்கிக்கொடுத்து வாங்குகிறார்கள்.

ஜிஎஸ்டி பற்றிக் கலங்கவேண்டாம். மரம் வாடிக்கையாளருடையது என்பதால் உங்கள் வேலை சேவைக் கணக்கில் வரும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு. பொருள் விற்பவருக்கான வரம்பை உங்களுக்கும் சொல்லிக் குழப்புகிற ஆட்கள் உண்டு.

பழைய வாடிக்கையாளர் கன அடியில்தான் தருவேன் என்று நின்றால் மாற்றிச் சொல்லுங்கள். மேலே போட்ட ரேட்டில் 5க்கு 3 சட்டம் கன அடிக்கு 240 ரூபாய். 4க்கு 3 என்றால் கன அடிக்கு 12 அடி நீளம், 48 பக்க அடி, 300 ரூபாய். இந்த இரண்டு அளவையும் போர்டில் எழுதி மாட்டுங்கள். இரண்டு அங்குலத்துக்குக் கீழே எது வந்தாலும் பக்க அடிதான்.