சாயத்தண்ணீரும் உங்கள் மகளின் எம்.எஸ்சி.யும்

வணக்கம் அம்மா. திருப்பூரில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் மகள், கதிர்வீச்சால் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள், உடம்புக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் பயத்தைப் பார்ப்போம். இதற்குப் பெரும்பாலும் எலக்ட்ரான் முடுக்கிதான் பயன்படுகிறது; மின்சாரத்தால் எலக்ட்ரான்களை வேகமாகப் பாய்ச்சும் இயந்திரம் அது. சுவிட்சை அணைத்தால் கதிரும் நின்றுவிடும். தண்ணீரிலும் கதிரியக்கம் தங்காது. எலக்ட்ரான்கள் தண்ணீர் மூலக்கூறை உடைக்க, ஹைட்ராக்சில் ரேடிகல் என்ற, எதையும் சட்டென்று தாக்கும் துகள் பிறக்கிறது; சாயத்தின் மூலக்கூறைத் துண்டாக்குவது அதுதான். சில இடங்களில் முடுக்கிக்குப் பதில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளை வைப்பார்கள்; அதை அணைக்க முடியாது, அதனால் அந்தக் கூடங்களுக்குக் கனமான சுவர் வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்கள் பேட்ஜ் அணிவார்கள், யார்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கு இருக்கும்.

தென்கொரியாவின் டேகு சாயத்தொழில் வளாகத்தில் 2005 முதல் நாளுக்கு 1 கோடி லிட்டர் கழிவுநீரை இப்படிச் சுத்திகரித்தார்கள். அங்கே பயன்பட்ட 1 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கொண்ட எலக்ட்ரான் கதிர் தண்ணீருக்குள் சில மில்லிமீட்டர்தான் போகும். அதனால் தண்ணீரை மெல்லிய படலமாகப் பாய்ச்ச வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் பாக்டீரியா சுத்திகரிப்பு உண்டு.

என் கவலை வேறு. சாயம் உடைந்தாலும், சாயமேற்றும்போது சேர்க்கும் உப்பு தண்ணீரில் அப்படியே இருக்கும். 2011-ல் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நொய்யல் ஆற்றைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்கே பெரிய பங்கு. அதைப் பிரிக்க ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும்தான் வேண்டும். ஆகவே கதிர்வீச்சை மட்டும் கற்றவருக்கு நம் ஊர் ஆலைகளில் வேலை கிடைப்பது கஷ்டம். கழிவுநீரை முழுக்கத் தெரிந்து, கதிர்வீச்சையும் கையாளத் தெரிந்தவருக்கு வழி திறந்தே இருக்கிறது. மகளிடம் இதை நீங்கள் சொன்னால் சண்டையாகும், என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

ஆராய்ச்சிதான் என்று உறுதியாக இருந்தால் இடங்கள் இருக்கின்றன: மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம், நம் கல்பாக்கம். அகமதாபாத்தில் கழிவுநீர்க் கசடையே கோபால்ட்-60 கொண்டு கிருமிநீக்கம் செய்கிறார்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: கடைசி செமஸ்டர் திட்டத்தை, சாயப்பட்டறைகள் சேர்ந்து நடத்தும் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீரை வைத்தே செய்யட்டும். அப்புறம் மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் உதவும் கேட் (GATE) தேர்வு. விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் திறக்கும், அதைத் தவறவிட வேண்டாம்.