கம்ப்யூட்டரை மாற்றியதும் மோட்டார் உறுமுகிறதா?

கேள்வி: லேபிள் ஒட்டும் மெஷினின் ஸ்டெப்பர் மோட்டாரை (ஒவ்வொரு மின்பல்ஸுக்கும் ஒரு ஸ்டெப் நகரும் மோட்டார்), பிரிண்டர் போர்ட் வழியாக, டாஸில் ஓடும் கியூபேசிக் மொழிப் புரோகிராமில் ஓட்டுகிறோம். பழைய 386 பழுதானதால், டாஸ் போட்ட ஒரு பென்டியம் வாங்கி வைத்தோம். இப்போது மோட்டார் உறுமுகிறதே தவிர சுற்றவில்லை. ஸ்டெப்புக்கு ஸ்டெப் சுமார் 20 மில்லிசெகண்ட், லேபிளுக்கு லேபிள் அரை செகண்ட் இடைவெளி தேவை. என்ன செய்யலாம்?

பதில்: மோட்டாரிலும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் போர்டிலும் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். இந்த உறுமலைக் கேட்டதுமே "டிரைவர் போயிடுச்சு சார்" என்று புது போர்டைத் தலையில் கட்டும் ஆட்கள் பழைய கம்ப்யூட்டர் சந்தையில் நிறைய. இடைவெளி வரும் வரியில் 'ஸ்லீப் 1' போட்டு ஓட்டுங்கள். செகண்டுக்கு ஒரு ஸ்டெப் டக், டக்கென்று நகர்ந்தால் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. போர்டு விற்க வருபவரை அனுப்பிவிடுங்கள்.

குற்றம், இடைவெளிக்காகப் புரோகிராமில் போட்டிருக்கும் வெற்று ஃபார்-நெக்ஸ்ட் லூப்பில். அது நேரத்தை அளப்பதில்லை, சும்மா எண்ணுகிறது. வேகமான பிராசசர் சீக்கிரம் எண்ணி முடித்துவிடுவதால், மோட்டார் நகருமுன் அடுத்த பல்ஸ் வந்துவிடுகிறது. எண்ணைக் கூட்டிச் சரிசெய்யாதீர்கள். கம்ப்யூட்டரின் வேகத்தை மாற்றும் டர்போ பட்டனை அழுத்தினாலோ புரோகிராமை கம்பைல் செய்தாலோ மறுபடியும் கெடும். இதைப் போய் 'டிலே' என்று இத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறார்கள்!

'ஸ்லீப் .02' என்றும் எழுதாதீர்கள். ஸ்லீப்புக்கு முழு செகண்ட் மட்டுமே தெரியும்; .02 பூஜ்யமாகிவிடும். பூஜ்யம் என்றால் யாராவது கீயை அழுத்தும்வரை நிற்கும். நேரம் சொல்லும் கியூபேசிக்கின் 'டைமர்' ஃபங்ஷனும் இங்கே உதவாது. அது செகண்டுக்கு 18.2 முறைதான் நகரும், அதாவது 55 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை.

20க்குப் பக்கத்தில் கிடைப்பது திரையின் ரீட்ரேஸ், அதாவது திரையை ஒருமுறை வரைந்து முடித்து, அடுத்த முறைக்காக மேலே திரும்பும் கணம். ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் முன்னால் இந்த இரண்டு வரி:

வெயிட் 986, 8, 8
வெயிட் 986, 8

விஜிஏ டெக்ஸ்ட் திரை செகண்டுக்கு 70 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஆக, ஒரு ஜோடி 14.3 மில்லிசெகண்ட், இரண்டு ஜோடி 28.6. 'ஸ்க்ரீன் 12' என்ற கிராஃபிக்ஸ் திரைக்கு மாற்றினால் ஒரு ஜோடி 16.7. ஸ்டெப்பருக்கு 20 என்பதைவிட இடைவெளி ஒரே சீராக இருப்பதே முக்கியம், 28.6இல் தொடங்கி, லோடு தாங்கினால் குறையுங்கள். முதல் வரியை விட்டுவிடக் கூடாது. ரீட்ரேஸ் நடக்கும்போதே இரண்டாம் வரிக்கு வந்தால் காத்திருக்காமல் தாண்டிவிடும், பல்ஸ்கள் ஒட்டிக்கொள்ளும்.

இதை விண்டோஸுக்குள் ஓட்டாதீர்கள், நேராக டாஸில் பூட் செய்யுங்கள்.

அரை செகண்டுக்கு டைமர் போதும், ஆனால் நள்ளிரவில் கவனம். டைமர் நள்ளிரவிலிருந்து கழிந்த செகண்டுகளைத் தருவது. 86400ஐத் தொடும்போது பூஜ்யத்துக்குத் திரும்பும். 12 மணிக்குச் சற்றுமுன் தொடங்கிய இடைவெளியில், இப்போதைய நேரத்திலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் மைனஸ் வரும், லூப் முடியவே முடியாது. மெஷின் நின்றுபோகும். நைட் ஷிஃப்டில் இருப்பவர் ரீசெட் செய்து ஓட்டிவிடுவார், பகலில் தேடினால் கோளாறே தெரியாது. எனவே கழித்து வருவது பூஜ்யத்துக்குக் கீழே போனால் 86400 கூட்டி, அதன்பின் .5 ஆயிற்றா என்று பாருங்கள். கழிப்பது, கூட்டுவது இரண்டும் லூப்புக்கு உள்ளேயே இருக்க வேண்டும். டாஸின் டைம் கட்டளையில் 23:59:50 வைத்து, மெஷினை ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பிவிடுங்கள்.