குடலில்லாத மீன் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எனக்குச் சொந்த ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். கன்னடியன் கால்வாயில் நீச்சல் படித்தவன். பதினோரு வருஷமாகக் கனடாவில் வான்கூவருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். 2022 அக்டோபரில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆடம்ஸ் ஆற்றுக்குப் போனோம். நாலு வருஷத்துக்கு ஒருமுறை அங்கே சாக்கை சால்மன் திரளாக ஏறிவரும். முழங்கால் ஆழத் தண்ணீரில் உடம்பெல்லாம் குங்குமச் சிவப்பு, தலை மட்டும் பாசிப் பச்சை. முட்டையிட்டு முடித்தவை கரையோரம் செத்து மிதந்தன. என் மகள் அழுதேவிட்டாள். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "இதுவே குறைச்சல், என் அப்பா காலத்தில் நீங்கள் வந்திருக்கவேண்டும்" என்றார்.

அன்றிலிருந்து ஒரு யோசனை. தாமிரபரணியும் மலையில் பிறந்து கடலுக்குப் போகிற ஆறுதான். இப்படி ஒரு மீன் நமக்கு இருந்திருந்தால் நாமும் கொண்டாடியிருப்போம், குறைந்தால் வருத்தப்பட்டிருப்போம் இல்லையா? நமக்கு ஏன் அது வாய்க்கவில்லை? அப்புறம், சால்மனுக்குத் தமிழில் காலா மீன் என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள். சரிதானா?

டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். பார்க்க முடிந்தால் சந்தோஷம்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பி,

சின்னக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். காலா, சால்மன் இல்லை. காலாவுக்கு மார்புத் துடுப்புக்குக் கீழே நூல் நூலாகத் தொங்கும். சால்மனுக்கு அது கிடையாது, இரண்டும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆங்கிலத்தில் காலாவுக்கு 'இந்தியன் சால்மன்' என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை யாரோ திருப்பித் தமிழாக்கியதில் வந்த குழப்பம். சால்மனைச் சால்மன் என்றே சொல்லிவிட்டுப் போவோம். நம் ஊர் மீன் இல்லை, நாம் பெயர் வைக்கவேண்டிய கடமையும் இல்லை.

பெரிய கேள்விக்கு வருகிறேன். நமக்கு அப்படி ஒரு மீன் வாய்க்கவில்லையா என்கிறீர்கள். வாய்த்தது. கொண்டாடவில்லை, குழம்பு வைத்தோம். விலாங்கைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்துப் பதினொரு வயசு. ஐப்பசி அடைமழையில் எங்கள் ஊர்க் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. மறுகால் தண்ணீர் ஓடையாகப் போய் ஆற்றில் விழும். புதுத்தண்ணீருக்கு மீன் எதிரேறும் என்பது கால்வாய்க்கரையில் வளர்ந்த உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கெண்டையும் கெளுத்தியும் விழுகிற தண்ணீரை முட்டி முட்டித் துள்ளும். பாதி ஊர் அரிக்கேன் விளக்கும் சாக்குமாக அங்கேதான் நிற்கும். வலைகூட வேண்டாம், பழைய சேலை போதும். தாத்தா மட்டும் ஓடை குறுகுகிற இடத்தில் பறி வைப்பார். எதிரேறுகிற மீனுக்காக வைப்பதால் பறியின் வாய் ஆற்றைப் பார்த்து இருக்கும்.

அன்றைக்கு ராத்திரி எல்லா மீனும் மேலே ஏற, ஒன்றே ஒன்று கீழே இறங்கி வந்தது. பறியின் முதுகில் முட்டியது. உடனே தண்ணீரைவிட்டுக் கரையேறி, நனைந்த புல் மேலேயே ஊர்ந்து, பறியைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஓடையில் இறங்கப் பார்த்தது. நான் பாம்பு பாம்பு என்று கத்தினேன். தாத்தா விளக்கைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு, "பாம்பு இல்லடே, விலாங்கு. சாக்க எடு" என்றார். வெறுங்கைக்கு அது நிற்காது. இரண்டு கையிலும் மணலை அள்ளிக்கொண்டு பிடித்தார், அப்படியும் இரண்டு தடவை வழுக்கிவிட்டது. சாக்குக்குள் போன பிறகும் விடியவிடிய முற்றத்தில் அந்தச் சாக்கு நடந்துகொண்டே இருந்தது.

காலையில் ஆச்சி அடுப்புச் சாம்பலைப் பூசி, உரசி, அரிவாள்மணையில் வைத்து வயிற்றைக் கீறினாள். கீறினவள் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏல, இதுக்குக் குடலக் காணும்" என்றாள். நூல் மாதிரி ஒன்று இருந்தது, அவ்வளவுதான். அவ்வளவு கொழுத்த மீனுக்கு வயிற்றில் ஒரு பூச்சிகூட இல்லை. கண் வேறு கோலிக்குண்டு மாதிரிப் பிதுங்கிக்கொண்டு நின்றது. சீக்கு மீனோ என்று ஆச்சிக்குச் சந்தேகம். தாத்தா திண்ணையில் இருந்தபடியே, "சஷ்டி விரதம்லா. திருச்செந்தூருக்குல்லா போவுது" என்றார். குழம்பில் எண்ணெய் ஒரு விரல்கடை மிதந்தது.

அவர் சொன்னது வேடிக்கைக்கு. ஆனால் அது உண்மையிலேயே விரதம்தான், உண்மையிலேயே அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது என்று ரொம்ப வருஷம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். விலாங்கு ஆற்றிலும் குளத்திலும் பல வருஷம் தின்று கொழுக்கும். காலம் வந்ததும் வயிறு வெள்ளியாக மின்னும், ஆழ்கடல் இருட்டுக்குத் தோதாகக் கண் பெருக்கும், இரை எடுப்பதை நிறுத்தும், குடல் சுருங்கிப்போகும். உடம்பில் சேர்ந்த கொழுப்புதான் வழிக்குக் கட்டுச்சோறு. வெள்ளத்தோடு புன்னைக்காயலில் கடலில் இறங்கி, ஆழ்கடலுக்குப் போய், முட்டையிட்டுச் சாகும். குஞ்சு வெற்றிலை மாதிரித் தட்டையாக, உள்ளே இருப்பது தெரிகிற உடம்போடு, நீரோட்டத்தில் மிதந்து வரும். கரையை நெருங்கும்போது கண்ணாடி ஊசி மாதிரி ஆகி, ஆற்றுக்குள் ஏறும்.

உங்கள் சாக்கையின் கதையை இதோடு வைத்துப் பாருங்கள். அது ஆற்றில் பிறக்கிறது, கடலில் தின்கிறது, ஆற்றுத் தண்ணீர் வாயில் பட்டதும் இரையை விட்டுவிடுகிறது. ஆடம்ஸ் ஆற்றுக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர், அத்தனையும் பட்டினியாக நீந்தி வந்து முட்டையிட்டுச் சாகிறது. பட்டினி ஒன்று, பயணம் ஒன்று, ஒரே ஒருமுறை முட்டையிட்டுச் சாவதும் ஒன்று. திசை மட்டும் தலைகீழ். சால்மன் ஊர் பார்க்கிற இடத்தில், முழங்கால் தண்ணீரில், சிவப்பு உடுத்திக்கொண்டு சாகிறது. உங்கள் மகள் அழுததற்கு அது போதும். விலாங்கு யார் கண்ணிலும் படாமல் போகிறது. உலகத்தில் எந்த விலாங்கின் முட்டையையும் கடலில் மனிதன் முதன்முதலாக எடுத்தது 2009இல்தான். அதுவும் ஜப்பான் விலாங்கு, மரியானா தீவுகளுக்கு மேற்கே. பாவம், நாம் அதற்குக் கொடுத்த பட்டமெல்லாம் 'பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிறவன்' என்பதுதான்.

நீங்கள் எழுதியதில் ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மீன் இருந்திருந்தால் வருத்தப்பட்டிருப்போம் என்கிறீர்கள். வருத்தத்துக்கு ஒரு கணக்கு வேண்டாமா? ஆடம்ஸ் தண்ணீர் போய்ச் சேருகிற உங்கள் ஃப்ரேசர் ஆற்றில் ஒவ்வொரு வருஷமும் எத்தனை சாக்கை வந்தது என்று எண்ணுகிறார்கள். 2009இல் ஒரு கோடிக்கு மேல் வரும் என்று எதிர்பார்த்து, பதினைந்து லட்சம்கூடத் தேறவில்லை. நாடே அதைப் பேசியது. புரூஸ் கோஹன் என்ற நீதிபதி தலைமையில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்து 2012இல் 75 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், கமிஷன் உட்கார்ந்த கையோடு 2010இல் மூன்று கோடியை ஒட்டி வந்து எல்லார் வாயையும் அடைத்தது. அப்புறம் 2020இல் மூன்று லட்சத்துக்கும் கீழே போனது. கடல் சூடாவது, ஆறு சூடாவது, கடலில் கூண்டு கட்டி வளர்க்கிற பண்ணைச் சால்மனிடமிருந்து ஒட்டுகிற பேன், பிக் பார் என்ற இடத்தில் மலை சரிந்து ஆற்றை அடைத்தது என்று காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன. 1914இல் ரயில் பாதைக்காக வெடிவைத்த பாறை ஹெல்ஸ் கேட் இடுக்கில் சரிந்து விழுந்த பழைய பாவமும் அதில் சேர்த்தி. மீன் ஏறுவதற்கு அங்கே படி கட்டவே 1940கள் ஆகிவிட்டது. எண்ணிக்கொண்டிருந்ததால் மீன் பெருகிவிடவில்லை. ஆனால் எந்த வருஷம் எவ்வளவு போனது என்று அவர்களால் சொல்ல முடிகிறது.

நாமும் எண்ணாதவர்கள் இல்லை. காலையில் பேப்பரைப் பிரித்ததும் நம் ஆட்கள் பார்ப்பது எதை? பாபநாசம் 143க்கு எத்தனை அடி, மணிமுத்தாறு 118க்கு எத்தனை அடி. டீக்கடையில் அணை மட்டத்தைத் தப்பாகச் சொன்னால் நாலு பேர் திருத்துவார்கள். கார் சாகுபடிக்குத் தண்ணீர் உண்டா, பிசானத்துக்காவது உண்டா என்பதுதான் நமக்கு ஆறு. அந்தக் கணக்கில் மீனுக்கு ஒரு பத்தி இருந்ததில்லை. தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் சுமக்கிற ஒரு கெண்டை இந்த ஆற்றில் இருக்கிறது. 1950களில் சைலஸ் என்ற மீனியல் அறிஞர் பெயரிட்டது. துடுப்பில் நீண்ட இழைகளோடு அழகான மீன், அதனாலேயே கண்ணாடித் தொட்டிக்கு வளர்ப்பவர்களுக்கு அதைத் தெரியும். அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலிலும் அது இருக்கிறது. நம் ஊரில் நூறு பேரை நிறுத்திக் கேளுங்கள், ஒருவருக்குத் தெரிந்தால் பெரிசு. 1952இல் வெளியிலிருந்து இந்தியாவுக்கு வந்த சிலேபியைத்தான் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் குளத்தின் கதையையும் கேளுங்கள். சில வருஷத்துக்கு முன்னால் மீன்பாசி ஏலம் எடுத்தவர், விட்ட கட்லா குஞ்சு வெளியே போய்விடக்கூடாது என்று மறுகாலில் கம்பிவலை அடித்துவிட்டார். நான் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "லட்ச ரூவாய்க்குக் குஞ்சு விட்டுருக்கேன் அண்ணாச்சி. ஒங்க விலாங்குக்காகத் தொறந்து விடவா?" எனக்குப் பதில் வரவில்லை. ஏலப் பணத்தைக் கட்டினவர் அவர். விலாங்குக்காக யாரும் ஒரு ரூபாய் கட்டவில்லை.

ஆற்றுக்கு வருவோம். புன்னைக்காயலிலிருந்து ஏறுகிற கண்ணாடிக் குஞ்சுக்கு முதல் பெரிய தடை ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. அப்புறம் மருதூர், சுத்தமல்லி என்று மேலே கோடைமேலழகியான் வரை மொத்தம் எட்டு. எல்லாம் வெள்ளம் மேலே வழிகிற தாழ்ந்த அணைகள்தான். விலாங்குக் குஞ்சுக்கு உயரம் ஒரு பெரிய தொல்லை இல்லை. சுவர் சொரசொரப்பாகவும் ஈரமாகவும் இருந்தால் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு செங்குத்தாகவே ஏறும். வெள்ளம்கூட வேண்டாம், கசிவு போதும். ஆனால் மேலே வாய்க்காலுக்கும் குடிதண்ணீருக்கும் ஆலைக்கும் எடுத்தது போக, ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே சொட்டு இறங்காத நாட்கள் கோடையில் உண்டு. காய்ந்த சுவரில் எதுவும் ஏறாது. எல்லாவற்றையும் தாண்டி ஏறினாலும் பாபநாசம் அணை நிற்கிறது, அது வேறு ஜாதி. சால்மன் சுவரில் முட்டி முட்டிக் குதிக்கும், போட்டோ எடுக்கலாம். விரல் நீளக் குஞ்சு காய்ந்த சுவரடியில் கிடந்து கருவாடானால் காக்காய்க்குத்தான் தெரியும்.

இதைப் படித்துவிட்டு அணையை இடிக்கச் சொல்கிறான் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அமெரிக்காவில் கிளாமத் ஆற்றில் 2024இல் நாலு அணையை எடுத்து முடித்தார்கள், சில வாரத்திலேயே சால்மன் அந்த இடத்தைத் தாண்டி மேலே போனது. அவை மின்சாரத்துக்குக் கட்டினவை. நம் ஆற்றை நம்பி ஏறத்தாழ 86,000 ஏக்கர் கிடக்கிறது. அது வேறு, இது வேறு. நான் சொல்ல வருவது அதைவிட அற்பமான காரியம். நியூசிலாந்தில் ஆற்றுத் தடுப்புகளிலும் பாலத்துக் குழாய்களிலும் தடித்த, பிசிறுள்ள கயிற்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஈரக் கயிற்றின் பிசிறைப் பிடித்துக்கொண்டு விலாங்குக் குஞ்சு மேலே ஏறிவிடுகிறது. கயிற்றுக்கு நம் ஊரில் பஞ்சமா? கயிற்றை நனைத்து வைக்கிற அளவுக்குத் தண்ணீர்தான் வேண்டும்.

டிசம்பரில் கட்டாயம் வாருங்கள். பிள்ளைகளை முதலில் பாபநாசம் படித்துறைக்குக் கூட்டிப்போவோம். பொரி போட்டால் கோயில் மீன்கள் காலடிக்கே வரும், யாரும் பிடிக்கமாட்டார்கள். பரிகாரம் என்று அங்கே ஆற்றில் விட்டுப்போகிற துணிமணியைப் பார்த்து மகள் ஏதாவது கேட்டால் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். அப்புறம் ஸ்ரீவைகுண்டம். மழை பெய்து அணைக்கட்டில் தண்ணீர் வழிகிற நாளாகப் பார்த்து, இருட்டின பிறகு போகவேண்டும். சுவரின் ஓரத்தில், பாசி பிடித்த கல்லில், கொஞ்ச நேரம் வெளிச்சம் அடித்துப் பார்ப்போம். டார்ச் நான் கொண்டு வருகிறேன். செருப்பு வழுக்காததாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.