ஸ்குரூ டிரைவர் யார் கையில்?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் வேலை செய்யும் மின் பொறியியலாளர். நான் படித்த பாடசாலையின் ரோபோ குழுவுக்கு வழிகாட்டக் கேட்டிருக்கிறார்கள். தரையில் போட்ட கோட்டைப் பார்த்து ஓடும் சிறிய வண்டி, அதை இயக்க அர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் போர்ட், ஒரேயொரு 9 வோல்ட் சதுர பற்றரி. மோட்டர் இழுக்கத் தொடங்கியதும் போர்ட் நின்று மறுபடி தொடங்குகிறது. காரணம் எனக்குத் தெரியும். சொல்லிவிடவா, அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று இருக்கவா?

பதில்: சொல்லாதீர்கள். சும்மா இருந்துவிடவும் வேண்டாம். அடுத்த சனிக்கிழமை ஒரு பல்மானியோடு (மல்டிமீட்டர்) போங்கள்.

உயர்தரப் பிள்ளைகள் என்றால் V = E − Ir கணக்கை டியூசனில் நூறு தடவை செய்திருப்பார்கள். V முனைகளில் கிடைக்கும் வோல்ட், E பற்றரியின் முழு வோல்ட், I மின்னோட்டம், r அகத்தடை. அந்த r தங்கள் மேசையில் கிடக்கும் பற்றரிக்குள்ளே இருக்கிறது என்பதுதான் ஒருவருக்கும் தோன்றியிருக்காது. பற்றரி முனைகளில் பல்மானியைப் பிடிக்கச் சொல்லுங்கள். சக்கரம் சும்மா சுழலும்போது ஒரு வாசிப்பு. பிறகு ஒருவர் சக்கரத்தை ஒரு செக்கன் மட்டும் இறுக்கிப் பிடிக்க இன்னொரு வாசிப்பு. கூட நேரம் பிடித்தால் மோட்டர் சூடாகிவிடும். அகத்தடை 2 ஓம், இரண்டு மோட்டரும் சேர்ந்து 2 அம்பியர் இழுக்கிறது என்று வைத்தால் 4 வோல்ட் உள்ளேயே போய்விடும். மிச்சம் 5. ஊனோ மின்சாரம் வாங்கும் வின் (VIN) முனைக்கு 7 வோல்டாவது வேண்டும். இந்தக் கணக்கை அவர்களே பலகையில் எழுதுவார்கள், பாருங்கள்.

மோட்டருக்கு வேறு பற்றரி என்ற யோசனையும் அவர்களிடமிருந்தே வரும். இரண்டு பற்றரிகளின் மறை முனைகளையும் இணைக்க மறந்து, வண்டி ஏன் அசையவில்லை என்று முழிப்பார்கள். அதில் ஒரு பின்னேரம் மினக்கெடட்டும், பரவாயில்லை.

நான் இதைப் பட்டுத்தான் படித்தேன். முன்பு ஒரு குழுவுக்குப் போட்டிக்கு முதல் நாள் இரவு புரோகிராமை நானே திருத்திக் கொடுத்தேன். வண்டி அழகாக ஓடியது. நடுவர் "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டபோது பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தான்.

ஆனால் லித்தியம் மின்கலம் வந்தால் இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம். ஒரு கலம் 4.2 வோல்டுக்கு மேல் சார்ஜ் ஆகக்கூடாது, முனைகள் முட்டினால் தீப்பிடிக்கலாம். அங்கே நேரே சொல்லுங்கள், தேவையென்றால் கையிலிருந்து பறியுங்கள்.

போட்டி விதியையும் ஒருமுறை வாசியுங்கள். பெரியவர்கள் எவ்வளவு தொடலாம் என்பது எல்லா இடத்திலும் ஒன்றல்ல. கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபெர்ஸ்ட் (FIRST) அமைப்பின் பெரிய ரோபோ போட்டியில் பொறியியலாளர்கள் மாணவர்களோடு தோளோடு தோள் நின்று வேலை செய்வார்கள். அதே அமைப்பின் லெகோ போட்டியில் வேலை முழுக்கப் பிள்ளைகளுடையது.

நேரம்? டியூசன் அட்டவணையைக் கேட்டுவிட்டு நாள் வையுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பேர்தான் வருவார்கள். பொறுப்பாசிரியர் இல்லாமல் அறையைத் திறக்க வேண்டாம்.

உங்கள் லப்டொப்பை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கையில் இருந்தால், பத்தாவது நிமிடம் நீங்களே தட்டத் தொடங்கிவிடுவீர்கள்.